பெயரை ஒப்பிடத் தமிழ்க் கணக்கு வேண்டும்

கண்ணன், கண்மணி, கண்ணம்மா, காமினி. இந்த நான்கு பெயர்களையும் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் எழுதி, 'சவுண்டெக்ஸ்' என்ற அல்காரிதத்திடம் கொடுத்தால் நான்குக்கும் ஒரே விடை வருகிறது: கே550. ஒலியளவில் நால்வரும் ஒருவரே என்பது அதன் தீர்ப்பு. ஏழுமலை என்ற ஒரு பெயரைக் கொடுத்தால் நடப்பது இதற்கு நேர்மாறு. முதல் எழுத்தை 'இ' என்று வைத்து, ழகரத்துக்கு 'இசட், எச்' போட்டால் இ254. ழகரத்துக்கு 'எல்' போட்டால் இ454. வாயில் வருகிறபடியே 'ஒய்' என்று தொடங்கினால் ஒய்254. ஒரே ஆள் மூன்று பேராகிவிடுகிறார்.

பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், வாக்காளர் அட்டையில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் வேறு விதம் என்று பெயர் எழுதப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு உண்டு. வங்கிக் கணக்கோடு பான் எண்ணை இணைக்கும்போதும், இறந்துபோனவர் பெயரிலிருந்து பட்டாவை மாற்றும்போதும், இரண்டும் ஒரே ஆளின் பெயர்தானா என்ற கேள்வி வந்து நிற்கிறது. நோட்டரியிடம் 'இருவரும் ஒருவரே' என்று பிரமாணப் பத்திரம், அரசிதழில் பெயர் திருத்த அறிவிப்பு என்று அலைச்சல் தொடங்குகிறது. முன்பு அந்தக் கேள்வியைக் கேட்டவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எழுத்தர். ஏழுமலை என்ற பெயரைப் பிறந்ததிலிருந்து காதால் கேட்டு வளர்ந்தவர் அவர். 'எல்' போட்டிருந்தாலும் 'இசட்' போட்டிருந்தாலும் அவருக்குப் புரியும். இன்று அந்த வேலை மென்பொருளிடம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த மென்பொருளுக்குள் இருப்பது யாருடைய காது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சவுண்டெக்ஸுக்குள் இருப்பது அமெரிக்கக் காது. பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ராபர்ட் ரஸ்ஸல் 1918-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இந்த முறையோடு மார்கரெட் ஓடெல் என்பவரின் பெயரும் சேர்த்தே சொல்லப்படுகிறது. கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பு, பெயர் அட்டைகளை அடுக்கிவைப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. விதி மிக எளிமையானது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வருகிற உயிரெழுத்துகளை விட்டுவிட வேண்டும். மெய்யெழுத்துகளில் இதழொலிகளுக்கு 1. கே, ஜி, எஸ், இசட் முதலானவற்றுக்கு 2. தகர டகர ஒலி தரும் இரண்டு எழுத்துகளுக்கு 3. எல் என்றால் 4. எம், என் இரண்டுக்கும் 5. ஆர் என்றால் 6. ஒரே எண்ணுக்குரிய எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் ஒரு முறை எழுதினால் போதும். மூன்று எண்கள் சேர்ந்ததும் நிறுத்திவிடலாம்; குறைந்தால் சுழியம் போட்டு நிரப்பலாம். ஸ்மித் என்ற பெயரை 'ஐ' போட்டு எழுதினாலும் 'ஒய்' போட்டு எழுதினாலும் எஸ்530 என்ற ஒரே பெட்டிக்குள் விழும்.

இந்தக் கணக்கு ஏழைகளுக்குச் செய்த உதவியையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, முதியோர் ஓய்வூதியத்துக்கு வயதை நிரூபிக்க வேண்டியிருந்தது. பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் குழந்தைகளாகப் பதிவாகியிருந்தார்கள். ஆனால் கணக்கெடுக்க வந்தவர் எந்த எழுத்தில் எழுதிவைத்தார் என்று யாருக்குத் தெரியும்? வேலையில்லாத் திண்டாட்டத்தைப் போக்க அரசு நடத்திய திட்டத்தின் பணியாளர்கள், பத்து வயதும் அதற்குக் குறைவுமான குழந்தைகள் இருந்த குடும்பங்களை எல்லாம் சவுண்டெக்ஸ் முறைப்படி அட்டையில் எழுதி அடுக்கினார்கள். எழுத்துப் பிழையால் ஓய்வூதியம் போய்விடக் கூடாது என்பதற்காகப் பிறந்த வேலை அது. ஆளைக் கண்டுபிடிக்கத்தான் அங்கே இந்தக் கணக்கு பயன்பட்டது. ஆளை ஒதுக்கிவைக்க அல்ல.

நூறாண்டு கடந்த பிறகும் இது சாகவில்லை. ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் ஆகிய தரவுத்தளங்கள் எல்லாவற்றிலும் சவுண்டெக்ஸ் உள்ளேயே வைத்துத் தரப்படுகிறது. ஒரு வரி எழுதினால் போதும், வேலை செய்யும். கைக்கு எட்டியதை எடுத்துப் பயன்படுத்துவது நிரலாளரின் இயல்பு. இது ஆங்கிலச் சொற்களுக்கானது, பிற மொழிகளில் நம்ப முடியாது என்று மைஎஸ்க்யூஎல் கையேடே எச்சரிக்கிறது.

தமிழ்ப் பெயர்களில் அது எங்கே இடறுகிறது என்று கிட்டப்போய்ப் பார்த்தால் இரண்டு இடங்கள் தெரிகின்றன. ழகரத்துக்கு 'இசட்' போடுவது நம் வழக்கம். இசட் என்றதும் சவுண்டெக்ஸ் அதை கே, ஜி, எஸ் இருக்கும் 2-ஆம் பெட்டியில் போட்டுவிடுகிறது. லகரமும் ளகரமும் 4-ஆம் பெட்டியில் இருக்கின்றன. தமிழ் பேசுகிறவர் வாயில் எந்த ஒலிகள் ஒன்றோடொன்று மயங்குமோ அவை பிரிந்துவிட்டன. ககரத்தோடும் சகரத்தோடும் ஒருபோதும் மயங்காத ழகரம் அவற்றோடு சேர்ந்துவிட்டது. தமிழ்ச்செல்வியை இசட் போட்டு எழுதினால் டி524, எல் போட்டு எழுதினால் டி542.

இரண்டாவது, முதல் எழுத்து. அது மாறவே கூடாது என்பது சவுண்டெக்ஸின் பிடிவாதம். தமிழிலோ முதல் எழுத்துதான் அதிகம் மாறுகிறது. சந்திரசேகரனைத் தமிழ்நாட்டில் 'சி, எச்' போட்டு எழுதுவார்கள். இலங்கையில் 'எஸ்' போட்டு எழுதுவதும் உண்டு. விடை சி536, எஸ்536. எண்கள் அத்தனையும் ஒன்றாக இருந்தும் ஆட்கள் வேறாகிவிடுகிறார்கள். விக்னேஸ்வரன் என்ற பெயருக்கு இலங்கையில் 'டபிள்யூ' போடுவோர் உண்டு; இங்கே 'வி'. முதல் எழுத்து மாறாவிட்டாலும் சிக்கல் தீருவதில்லை. லட்சுமணன் மலேசியாவில் 'லெட்சுமணன்' என்று ஒலிக்கும்படி எழுதப்பட்டால் எல்325. இங்கே 'லக்ஷ்மணன்' என்று ஒலிக்கும்படி எழுதினால் எல்255.

ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஒரே முறையை வகுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். 2020-இல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் வந்த புதிய எழுத்துகளைப் பார்த்து எழுந்த எதிர்ப்பில், ஜூன் மாதத்துக்குள்ளேயே அதைத் திரும்பப் பெற்றது. ஊர்ப்பெயருக்கே இந்த நிலை. மனிதர்கள் தங்கள் பெயரை எப்படி எழுதவேண்டும் என்று யாரும் ஆணையிட முடியாது, ஆணையிடவும் கூடாது. எழுத்து பலவாகத்தான் இருக்கும். ஒப்பிடுகிற கருவிதான் திருந்த வேண்டும்.

சவுண்டெக்ஸுக்கு அடுத்தபடியாக நிரலாளர்கள் நாடுவது லெவன்ஷ்டைன் தூரம். சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல், செய்தி அனுப்பும்போது குறிகள் விடுபட்டும் புதிதாய் நுழைந்தும் போவதைத் திருத்துவது பற்றி எழுதிய ஆய்விலிருந்து வந்தது இது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவதுதான் கணக்கு. ஐபிஎம் நிறுவனத்தின் ஃபிரெட்ரிக் டாமராவ் அதற்கு முந்தைய ஆண்டே இதைப் போன்ற யோசனையை எழுதியிருந்தார். அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறுவதையும் அவர் ஒரே பிழையாகக் கொண்டார். எழுத்துப் பிழைகளில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இந்த நான்கு வகைகளில் ஏதோ ஒன்று ஒரே ஒரு முறை நேர்ந்ததாகவே இருக்கும் என்று அவர் கண்டார். தட்டச்சுப் பிழையைப் பிடிக்க இவற்றைவிட நல்ல கருவி கிடையாது.

ஆனால் இந்தக் கணக்குக்கு எந்த மொழியின் ஒலியும் தெரியாது. ராஜன் என்பதற்கும் ராசன் என்பதற்கும் இடையே தூரம் 1. ராஜன் என்பதற்கும் ராமன் என்பதற்கும் இடையிலும் அதே 1-தான். முதல் இணை ஒரே பெயரின் இரண்டு எழுத்து வடிவம். இரண்டாம் இணை இரண்டு வேறு மனிதர்கள். தமிழ் படித்த ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிகிற இந்த வேறுபாடு அந்தக் கணக்கில் இல்லை.

தமிழ் எழுத்திலேயே ஒப்பிடும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. குமார் என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து: கு, மா, ர். யூனிகோடில் அது ஆறு குறியீடு: க, உகரக் குறி, ம, கால், ர, புள்ளி. குறியீடுகளை எண்ணினால் குமாரிலிருந்து குமாரன் ஒரே எட்டில் வந்துவிடும். ரகரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு னகரத்தைச் செருகினால் போதும். எழுத்துகளை எண்ணினால் இரண்டு எட்டு ஆகும். குமாரியோ எப்படி எண்ணினாலும் ஓர் எட்டுதான். அதாவது குமாரும் குமாரியும் ஒன்றாகிவிடும் வாய்ப்பு, குமாரும் குமாரனும் ஒன்றாகும் வாய்ப்பைவிடக் குறைவில்லை. 'ஸ்ரீ' என்ற எழுத்தின் கதை இன்னும் மோசம். அதை ஸகரத்தை வைத்தும் உண்டாக்கலாம். 2005-இல் யூனிகோடில் சேர்ந்த இன்னொரு சகரத்தை வைத்தும் உண்டாக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு. தன் பெயரைச் சரியாகத் தட்டச்சு செய்தும் பட்டியலில் காணவில்லை என்று ஒரு ஸ்ரீதர் திகைத்தால், அவர் மீது குற்றமில்லை.

ஜாரோ–விங்க்ளர் என்றொரு முறையும் பரவலாக இருக்கிறது. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறைக்காக மேத்யூ ஜாரோ உருவாக்கி, ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் 1985-இல் நடந்த சோதனைக் கணக்கெடுப்பில் பயன்படுத்திய முறையை, வில்லியம் விங்க்ளர் 1990-இல் செம்மைப்படுத்தினார். பெயரின் தொடக்கத்தில் மக்கள் பிழை செய்வது குறைவு என்ற எண்ணத்தில், முதல் நான்கு எழுத்துகள் வரை ஒத்துப்போனால் அது கூடுதல் மதிப்பெண் தருகிறது. முத்துக்குமார், முத்துலட்சுமி, முத்துராமன், முத்துவேல் எல்லோருக்கும் அந்த மதிப்பெண் தாராளமாகக் கிடைக்கும். இராமன் – ராமன், உலோகநாதன் – லோகநாதன், அரங்கநாதன் – ரங்கநாதன் ஆகிய ஒரே பெயர்களுக்குக் கிடைக்காது. ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வராது என்ற தமிழ் மரபு டாம்பா நகரத்தாருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

தவறான பொருத்தம் யாரையும் விட்டுவைப்பதில்லை. 2004-இல் அமெரிக்க செனட்டர் எட்வர்டு கென்னடியே, கண்காணிப்புப் பட்டியலில் இருந்த ஒரு பெயரோடு தன் பெயர் ஒத்துப்போனதால் விமான நிலையங்களில் பலமுறை நிறுத்தப்பட்டதாக செனட் குழுவிடம் சொன்னார். தவறான மறுப்பு இன்னும் கொடியது. ஜார்ஜியா மாநிலத்தில் வாக்காளர் விண்ணப்பத்தில் உள்ள பெயர் அரசுத் தரவில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்று விதி வைத்தார்கள். 2018 தேர்தலுக்கு முன் ஏறத்தாழ 53,000 விண்ணப்பங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவற்றில் எழுபது விழுக்காட்டுக்கு அருகில் கறுப்பின மக்களுடையவை என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி வெளியிட்டது. அசாமில் 2019 ஆகஸ்ட் 31-இல் வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் இடம்பெறவில்லை. விடுபட்டதற்குப் பல காரணங்கள் உண்டு. அப்பன் பெயர் பழைய பட்டியலில் ஒரு விதமாகவும் பிள்ளையின் ஆவணத்தில் வேறு விதமாகவும் இருந்ததால் அலைந்தவர்கள் அவர்களுக்குள் உண்டு. வங்காளி எழுத்திலிருந்து ஆங்கிலத்துக்கும், அங்கிருந்து அசாமிய எழுத்துக்கும் பயணம் செய்த பெயர்கள் அவை.

இப்படிப்பட்ட நிலையில் ஒரு சமூகம் என்ன செய்யலாம் என்பதற்கு யூத வம்சாவளி ஆய்வாளர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். 1921 முதல் 1948 வரை பாலஸ்தீனத்தில் சட்டப்படி பெயர் மாற்றிக்கொண்ட சுமார் 28,000 பேரின் பட்டியலை கேரி மொகோடாஃப் 1985-இல் அகரவரிசைப்படுத்தினார். மாஸ்கோவிட்ஸ் என்ற ஒரே பெயர் 'வி' போட்டும் 'டபிள்யூ' போட்டும் எழுதப்பட்டிருந்தது; சவுண்டெக்ஸ் இரண்டையும் எம்213, எம்232 என்று பிரித்துவைத்தது. கிழக்கு ஐரோப்பாவில் யூதப் படுகொலைக்குப் பின் சிதறிய உறவினர்களைத் தேடுகிறவர்களுக்கு இந்தப் பிரிவு எவ்வளவு பெரிய இழப்பு! மொகோடாஃபும் ராண்டி டாய்ச்சும் சேர்ந்து தங்கள் பெயர்களுக்கென்றே புதிய கணக்கு ஒன்றைச் செய்தார்கள். முதல் எழுத்தையும் எண்ணாக்கினார்கள். சில எழுத்துக்கூட்டங்கள் ஒரே ஒலியைத் தரும் என்று ஏற்றார்கள். இரண்டு விதமாக ஒலிக்கக்கூடிய எழுத்துக்கு இரண்டு எண்ணும் தந்தார்கள். பிற்பாடு 2008-இல் அலெக்சாண்டர் பைடரும் ஸ்டீபன் மோர்ஸும் ஒரு படி மேலே போனார்கள்: பெயரைப் பார்த்ததும் அது எந்த மொழிப் பெயர் என்று முதலில் ஊகித்து, பிறகு அந்த மொழியின் ஒலி விதியைப் பயன்படுத்தும் முறை அவர்களுடையது. இந்த மோர்ஸ்தான் இன்டெல் 8086 சில்லை வடிவமைத்தவர். தன் மூதாதையரைத் தேடும் ஆர்வத்தில் இந்த வேலைக்கு வந்தார். தன்னார்வலர்கள் தொடங்கிய டாய்ச்–மொகோடாஃப் முறை இன்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு சேர்ந்தே வருகிறது.

தமிழுக்கு இதைச் செய்வது அவர்கள் செய்ததைவிட எளிது. எந்த ஒலி எதற்கு இனம் என்பதை நம் இலக்கணக்காரர்கள் ஏற்கெனவே வகுத்துவைத்திருக்கிறார்கள். மோனைக்கு அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். சகரத்துக்குத் தகரமும், ஞகரத்துக்கு நகரமும், மகரத்துக்கு வகரமும் இணை. ரஸ்ஸல் போட்ட பெட்டிகளைப் போன்றவைதான் இவை, நோக்கம்தான் வேறு. ஐயர் – அய்யர், ஔவை – அவ்வை போன்ற மாற்றங்கள் தொல்காப்பியத்திலேயே பேசப்பட்டவை. வீரமாமுனிவர் 1732-இல் முடித்த சதுரகராதியின் நான்காம் பகுதியான தொடை அகராதி, ஒத்த ஒலியை வைத்துச் சொல்லைத் தேடுவதற்காகவே ஆக்கப்பட்டது. செய்யுளின் மோனைப் பெட்டிகளை அப்படியே பெயருக்குப் போட முடியாது. எந்த ஒலி எதோடு மயங்கும் என்று அட்டவணை போடும் பழக்கம் இந்த மொழிக்குப் புதிதல்ல என்பதே இங்கே முக்கியம்.

பெயருக்கான அட்டவணை வேறு விதமாக இருக்கும். ல, ள, ழ ஒரு கூட்டம். ர, ற ஒரு கூட்டம். ந, ன, ண ஒரு கூட்டம். ஜ, ஸ, ஷ மூன்றும் சகரத்தோடு ஒட்டியவை. ஷகரம் டகரமாகவும் மாறும்: கிருஷ்ணன், கிருட்டிணன். மீனாக்ஷியும் மீனாட்சியும் ஒருவர். ஹரியும் அரியும் ஒருவர். இவற்றை ஒரேயடியாக ஒன்றாக்கிவிட்டால் கண்ணனும் கண்மணியும் ஒன்றான கதைதான் திரும்ப நடக்கும். வள்ளி வேறு, வல்லி வேறு, இரண்டுமே பெயர்கள். ஆகவே ஒலிப்பெட்டியை முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 6 கோடிப் பெயர் உள்ள பட்டியலில் ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் 1,800 லட்சம் கோடி ஒப்பீடு ஆகும். அதைக் குறைப்பதற்குத்தான் பெட்டி. பெட்டிக்குள் வந்தவர்களை லெவன்ஷ்டைன் வழியில் அளக்க வேண்டும், எல்லா மாற்றத்துக்கும் ஒரே விலை போடாமல். ஜகரம் சகரமானால் மிகக் குறைந்த விலை. ழகரம் ளகரமானால் கொஞ்சம். ஜகரம் மகரமானால் முழு விலை. எண்ணும்போது யூனிகோடு குறியீட்டை எண்ணாமல் கு, மா, ர் என்று எழுத்தை எண்ண வேண்டும்.

தலைப்பெழுத்துக்குத் தனி விதி தேவை. தமிழில் சு. முருகன், செ. முருகன், ஷ. முருகன் மூவரும் ஆங்கிலத்துக்குப் போனால் மூவருமே எஸ். முருகன். அதே சு. முருகன் அமெரிக்காவுக்குப் போனால் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி முருகன் சுப்பையா ஆகிவிடுகிறார். குடும்பப் பெயரை அச்சாணியாக வைத்துச் சுற்றுகிற எந்த அல்காரிதத்துக்கும் இது பிடிபடாது.

அடித்தளம் ஓரளவு இருக்கிறது. மலையாளக் கணிமைக்குப் பெரும்பங்கு ஆற்றிய சந்தோஷ் தோட்டிங்ஙல், இந்திய எழுத்துகளுக்கென்று ஒரு சவுண்டெக்ஸை முன்பே எழுதியிருக்கிறார்; ஒரே பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒப்பிட அதில் வழி உண்டு. தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் 'ஓப்பன்-தமிழ்' என்ற திறமூல நிரல் தொகுப்பு இருக்கிறது. இவர்கள் தங்கள் நேரத்தைக் கொடுத்துச் செய்ததை எடுத்து, அரசுத் தரமாக வளர்க்க வேண்டியது தமிழ்நாடு அரசின் வேலை. 2010-இல் யூனிகோடையும் டேஸ்16 என்ற எழுத்துக் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்த அரசுக்கு இது இயலாத காரியமில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் முன்னின்று, மொழியியலாளரையும் நிரலாளரையும், வருவாய்த் துறையில் பெயர்த் திருத்த மனுக்களைப் பார்த்துப் பழகியவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எழுத்து வழக்குகளைத் தெரிந்தவர்களும் அங்கே இருக்க வேண்டும்.

அவர்கள் முதலில் செய்ய வேண்டியது, ஒரே பெயரின் பல எழுத்து வடிவங்களையும், ஒன்றுபோல் தோன்றும் வெவ்வேறு பெயர்களையும் இணை இணையாகத் தொகுத்த சோதனைப் பட்டியல். எந்த மென்பொருளை எந்தத் துறை வாங்கினாலும் அது முதலில் இந்தப் பட்டியலில் தேற வேண்டும். எத்தனை ஏழுமலைகளைத் தவறவிட்டது, எத்தனை கண்ணன்களைக் கண்மணியோடு சேர்த்தது என்ற இரண்டு எண்ணிக்கையையும் வெளியிட வேண்டும். பட்டியலும் விதியும் யாரும் எடுத்துச் சோதிக்கும்படி பொதுவில் இருக்க வேண்டும். பெயர் ஒத்துப்போகவில்லை என்ற காரணம் மட்டும் காட்டி எந்த விண்ணப்பத்தையும் மென்பொருள் தானாக நிராகரிக்கக் கூடாது. சந்தேகம் வந்த இணை, தமிழ் தெரிந்த ஓர் அலுவலரின் பார்வைக்குப் போக வேண்டும், முடிவை அவர் தன் பெயரோடு பதிவுசெய்ய வேண்டும்.